என்னைப் பார்த்துத் தலை சீவுகிறவள்

"அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்கே!" என்று யாராவது சொன்னால் மற்ற பெண்கள் சிரித்துக்கொண்டு தலையைக் குனிவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் என்ன பெரிய ஆச்சரியம்? என்னை நிஜமாகவே உரித்துத்தான் வைத்தார்கள். அம்மாவின் தோலிலிருந்து ஒரு செல்லை எடுத்து, அதிலிருந்து கருவை உண்டாக்கி, அவள் வயிற்றிலேயே வைத்து வளர்த்தெடுத்த பிள்ளை நான். அப்பா என்று ஒருவர் கிடையாது. செத்துப்போகவில்லை, ஓடிப்போகவில்லை, தேவைப்படவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் ஜெராக்ஸ்.

எங்களுக்கு ஒரு பியூட்டி பார்லர். கீழே கடை, மேலே வீடு. வருகிறவர்கள் அம்மாவைப் பெருசு என்பார்கள், என்னைச் சிறுசு என்பார்கள். "பெருசு வேலையா இருந்தா சிறுசு வெட்டி விடட்டும், ரெண்டும் ஒரே கைதானே" என்பார்கள். தலையில் சாயத்தைப் பூசிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குப் பேச வேறு விஷயமா கிடைக்காது? ஆனாலும் என்னை வைத்துக்கொண்டே பட்டிமன்றம் நடத்துவார்கள். மனுஷரை இப்படி நகல் எடுக்கலாமா கூடாதா, அதற்கு ஆத்மா இருக்குமா இருக்காதா என்று. அந்த 'அது' நான். பக்கத்தில் நின்று ஒருத்தியின் புருவத்தைத் திருத்திக்கொண்டிருப்பேன். கையில் நூல் இருந்ததால் பேசாமல் இருந்தேன், கத்தி இருந்திருந்தால் தெரியாது.

ஒரு வக்கீலம்மா மட்டும் கொஞ்சம் யோசித்துப் பேசுவாள். "ஆத்மா கதையெல்லாம் விடுங்க. பொறக்கப்போற பிள்ளைகிட்ட சம்மதம் வாங்க முடியாதுல்ல, அதுதான் தப்பு" என்பாள்.

"உன் பையன் உனக்குச் சம்மதம் குடுத்துட்டா பொறந்தான்?" என்று அம்மா கேட்பாள். "கேட்டிருந்தா உன் வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டான்."

கடையே சிரிக்கும். அம்மா அதோடு விட மாட்டாள். "எனக்குத் தெரிஞ்சு நம்பிக்கையான ஆளு நான் ஒருத்திதான். அதான் இன்னொண்ணு போட்டுக்கிட்டேன்" என்பாள். இந்த ஜோக்கை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. புதுச் சாயம் எது வந்தாலும் நேராகத் தலையில் போட மாட்டோம். முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டளவு தடவி ஒரு நாள் விட்டுப் பார்ப்போம். அரிப்போ தடிப்போ வந்தால் அந்த ஆளுக்கு அது ஆகாது. எனக்கு இந்தச் சோதனையை அம்மா செய்ததே இல்லை. தன் கையில் தடவிப் பார்ப்பாள். "எனக்கு ஒண்ணும் பண்ணல, உனக்கும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு என் தலையில் போடுவாள். சாயம் மட்டுமா? மாத்திரை, சோப்பு, ஊசி, எல்லாம் அவள் உடம்பைத் தாண்டித்தான் என்னிடம் வரும். இவளைப் போல் ஒரு தாய் உண்டா என்று சின்ன வயதில் பெருமையாக இருக்கும்.

பிறகு அம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தாள், சரி. பாதித் தலையை வெட்டிவிட்டு மீதியை மறந்தாள், வாடிக்கைக்காரியிடம் நான் கெஞ்சி மன்னிப்புக் கேட்டேன். கடைக்கு எதிரில் நின்றுகொண்டு கடை எங்கே என்று போகிறவர்களைக் கேட்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற நோய் என்றார்.

"இது பரம்பரையா வர்றதும்மா. பெத்த பிள்ளைங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார், பேச்சை நிறுத்தினார்.

"எனக்குப் பாதி இல்ல, முழுசு. அதானே டாக்டர்?" என்றேன்.

"ஆமாம்மா" என்றார் பாவம். மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் முழங்கையின் உள்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நோயையும் அவள் உடம்பில் தடவிப் பார்த்தாயிற்று. அடுத்தது என் முறை.

வருஷம் ஓட ஓட அம்மா நினைவில் பின்னோக்கியே போனாள். கடைசியில் முப்பது வயதில் போய் நின்றுகொண்டாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதனால் கண்ணாடியைக் கண்டால் அலறினாள். "உள்ள ஒரு கிழவி நிக்கிறா, என்னையே முறைக்கிறா, அவளை வெளிய போகச் சொல்லு" என்று கத்தினாள். மேலே வீட்டில் இருந்த கண்ணாடிக்கெல்லாம் துணி போட்டு மூடினேன். ஜன்னல் கண்ணாடியிலும் பழைய பேப்பரை ஒட்டினேன். பகலிலேயே வீடு இருட்டிக்கொண்டு கிடந்தது.

அப்படி ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, என் தட்டோடு எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் கையில் சீப்பு இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தவள், எத்தனையோ நாளாக இல்லாத நிம்மதியோடு சிரித்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். நானும் என்னை அறியாமல் சாய்த்தேன். என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், நிதானமாகத் தன் தலையை வாரிக்கொள்ள ஆரம்பித்தாள்.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் அவள் கண்ணாடி. நிஜக் கண்ணாடி காட்டுவது யாரோ ஒரு கிழவியை. முப்பது வயது முகம் என் கழுத்துக்கு மேலேதான் இருக்கிறது.

எழுந்து போகலாம் என்று அசைந்தேன். உடனே அவள் முகம் பயத்தில் கோணிப்போயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் பிம்பம் தனியாக எழுந்து நடந்தால் யாருக்குத்தான் ஈரக்குலை நடுங்காது? மறுபடி உட்கார்ந்தேன். அவள் வலக்கையைத் தூக்கினால் நான் இடக்கையைத் தூக்கினேன். சின்ன வயதிலிருந்தே கண்ணாடியைப் பார்த்து வேலை செய்கிறவளுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அவள் புருவத்தை நீவினாள், நான் நீவினேன். பிறகு மெதுவாக ஒரு கரண்டி சோற்றை என் வாயில் வைத்தேன். அவளும் தன் தட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். பல நாளாகத் துப்பிக்கொண்டிருந்தவள் அன்றைக்குத் தட்டைக் காலி செய்தாள்.

அதிலிருந்து இதுதான் வழக்கம். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மேலே போவேன், அவள் எதிரில் உட்கார்ந்து அவளாக இருப்பேன். நான் சாப்பிட்டால்தான் அவள் சாப்பிடுவாள். எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்று யார் கேட்டார்கள்? உடம்பு ஒரு சுற்றுப் பெருத்ததுதான் மிச்சம்.

என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று தெரிந்து பெரியம்மா வந்து சேர்ந்தாள். அம்மாவின் ஒரே அக்கா. அவளுக்கு அந்த நோய் வரவில்லை. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள், எலும்பும் தோலுமாக இருந்தாலும் புத்தி கத்தி மாதிரி இருந்தது. நான் பிறந்தபோது, ஆண்டவன் வேலையில் கை வைத்துவிட்டாள் என்று தங்கையோடு பேச்சை முறித்துக்கொண்டவள். என்னைக் கையில் வாங்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அதை எதற்கோ ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கோபம் இல்லடி, பயம்" என்றாள். "உங்கம்மாவை இடுப்புல வச்சுத் திரிஞ்சவ நான். தொட்டில்ல எட்டிப் பாக்குறேன், அதே பிள்ளை கிடக்கு. அதே மாதிரி என்னைப் பாத்துக் கையை நீட்டுது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஓடி வந்துட்டேன்."

பெரியம்மா வந்த கொஞ்ச நாளிலேயே, அம்மா என்னைப் பெற்றெடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசியவள் ஆலோசகராம். குரலில் வெண்ணெய் தடவியிருந்தாள்.

"உங்கம்மா அப்ப ரெண்டு கரு உருவாக்கச் சொல்லியிருந்தாங்க மேடம். ஒண்ணு நீங்க. இன்னொண்ணு இன்னும் இங்க உறைய வச்சு பத்திரமா இருக்கு. அவங்க முடிவெடுக்கிற நிலைமையில இல்லைன்னு கேள்விப்பட்டோம். இனிமே நீங்கதான் சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"பொறக்க வைக்கிறதா, விட்டுடறதான்னு. சட்டம் மாறுது மேடம். ரொம்ப நாள் வச்சிருக்க விட மாட்டாங்க. வேணும்னா உங்க வயித்துலயே வச்சுக்கலாம், தாராளமா. வெள்ளிக்கிழமை நானே கூப்பிடறேன்."

போனை வைத்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த ஒருவன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வயசானா எப்படி இருப்பீங்கன்னு இப்பவே தெரிஞ்சுபோச்சே" என்று சிரித்தான். போடா என்று நானே அனுப்பிவிட்டேன். இப்போது எனக்கென்று ஒரு குட்டி. அவளுக்கும் பின்னங்கழுத்தில் அடங்காத ஒரு சுருள் முடி இருக்கும். அதை எப்படிப் படிய வைப்பது என்று எனக்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டாம். மனசுக்குள் அவளுக்கு மூணாவது என்று பேரும் வைத்துவிட்டேன்.

சந்தோஷத்துக்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பு வந்தது. எனக்கு இந்த நோய் வரும்போது அவள் வளர்ந்து ஆளாகியிருப்பாள். எனக்கு எதிரில் உட்கார ஒருத்தி இருப்பாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடியும் நினைத்தேன்.

பெரியம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. குதித்தாள்.

"உனக்கென்ன பைத்தியமாடி? இந்த நோய் வரும்னு நூத்துக்கு நூறு தெரிஞ்சுகிட்டே ஒரு உயிரைக் கொண்டுவர்றதா? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"எனக்கும் நூத்துக்கு நூறுதான். அப்ப நான் பொறந்ததே தப்பா பெரியம்மா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்னீங்க? எனக்கு என் வாழ்க்கை பிடிச்சிருக்கு. நல்லாத் தின்னேன், நல்லாச் சிரிச்சேன், ஊர்ல பாதித் தலை நான் வெட்டுனது. கடைசியில கொஞ்ச வருஷம் கெட்டுப்போகும். அதுக்காக முன்னாடி இருந்ததெல்லாம் இல்லாமலே போயிருந்தா நல்லாருக்குமா?"

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பொறந்துட்டடி. உன்னை வேண்டாம்னு எவ சொல்லுவா? ஆனா உங்கம்மாவுக்குத் தெரியாது, பண்ணிட்டா. உனக்குத் தெரியுமே."

"தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியம்மா மெல்லச் சொன்னாள், அவர்களுடைய அம்மாவும் கடைசியில் இப்படித்தான் கிடந்தாளாம். பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே இருந்து அள்ளிப்போட்டுப் பார்த்துக்கொண்டது என் அம்மாதானாம். "வயசாயி வர்ற மறதின்னுதான் நாங்கல்லாம் நெனச்சோம். அவளும் அப்படித்தான் நெனச்சிருப்பா" என்றாள். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் என்னைப் பெற்றாளென்றால் அது விதி, யாரையும் நோக முடியாது. தெரிந்தே பெற்றாளென்றால்? ஒன்று, நோயோடு வந்தாலும் இந்த வாழ்க்கை வாழத் தக்கதுதான் என்று நம்பியிருக்க வேண்டும். அப்படியானால் மூணாவதை நானும் துணிந்து பெறலாம். இல்லையென்றால் வேறு ஏதோ நினைத்திருக்க வேண்டும். அது என்ன என்று தெரியாமல் வெள்ளிக்கிழமை என்னால் வாயைத் திறக்க முடியாது. யாரிடம் கேட்பது? கேட்க வேண்டியவள் மேலே உட்கார்ந்து சீப்பின் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான் "அம்மா" என்று கூப்பிட்டாலே பயந்து சுவரோடு ஒட்டிக்கொள்வாள். கண்ணாடி பேசுமா?

கண்ணாடியிடம் பேசுவார்கள். அது எனக்கு அந்த வியாழக்கிழமை மத்தியானம்தான் உறைத்தது.

பேப்பர் ஒட்டிய ஜன்னல் வழியாக மங்கலாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நான் எதிரில் உட்கார்ந்தேன். அம்மா தலையை வாரினாள், வகிடு எடுத்தாள், நானும் எடுத்தேன். கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிப் போனார்கள். அம்மா முன்னால் குனிந்து, ரகசியம் பேசுகிற குரலில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"யார்கிட்டயும் சொல்லாத, என்ன? அக்காவுக்குக்கூடத் தெரியாது."

என் உதடும் அசைந்தது. அசைய வேண்டுமே.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டாங்க. அம்மாவுக்கு வந்தது நமக்கும் இருக்காம். வந்தே தீருமாம்."

முப்பது வயதில் அவள் உட்கார்ந்துவிட்ட இடம் எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. நான் இன்னும் பிறக்கவில்லை. அடுத்த வாரமோ என்னவோ கருவை வயிற்றில் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறாள்.

"அம்மாவை நான்தானே கழுவி விட்டேன். பெத்த மகளே மூஞ்சியைச் சுளிச்சேன். அவ அதைப் பாத்துட்டா. எல்லாம் மறந்தவ அதை மட்டும் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா." அம்மா உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள், எடுத்தாள். "பெத்தவளுக்கே நான் சுளிச்சேன்னா எனக்கு யாரு சுளிக்காம செய்வா? நானா இருந்தா செய்வேன். நம்ம உடம்பு நமக்கு அருவருக்காதுல்ல?"

பிறகு சிரித்தாள், சாமர்த்தியமாக ஒரு காரியத்தை முடித்தவள் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என் முகத்தில் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடிப்பாவி, தெரிந்தே செய்தாயா? உன் கடைக்கு நான், உன் சோற்றுக்கு நான், உன் பீ மூத்திரத்துக்கும் நானா?

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"பொறக்கப்போறவளுக்கும் வரும். அவளை அம்போன்னு விட்டுடுவேனா? அதான் ரெண்டாப் போட்டு வைக்கச் சொன்னேன். எனக்கு அவ, அவளுக்கு ஒண்ணு."

அதைச் சொன்னபோது அவள் கண்ணில் அத்தனை பாசம். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது என்னை அப்படித்தான் பார்த்தாள். எனக்காக ஒருத்தியைக் கட்டிச்சோறு மாதிரி கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"அப்ப மூணாவதுக்கு?" என் வாயில் வந்துவிட்டது. கண்ணாடி பேசிவிட்டது.

அம்மா பயப்படவில்லை. தனக்குள்ளேயே எழுந்த கேள்வி என்று நினைத்திருப்பாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள், யோசித்தாள். "அதை யோசிக்கல" என்றாள். "தலை வலிக்குது." சீப்பை எடுத்து மறுபடி முதலிலிருந்து வார ஆரம்பித்தாள்.

மறுநாள் ஆலோசகர் சொன்னபடி கூப்பிட்டாள். கடையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"வேண்டாம், விட்டுடுங்க" என்றேன்.

"உறுதியா சொல்றீங்களா மேடம்? காரணம் ஏதாவது... கட்டாயம் இல்ல, சும்மா கேட்டேன்."

"பிள்ளை பெக்குற மாதிரி இல்லம்மா, வேலைக்கு ஆள் வைக்கிற மாதிரி இருக்கு. அவ எதுக்காகப் பொறந்தான்னு அவ கேட்டா எனக்குச் சொல்ல வாய் வராது. எனக்குச் சொன்ன மாதிரி ஜோக்கும் சொல்ல வராது."

"நீங்க வருத்தப்படற மாதிரி இருந்தா கவுன்சலிங்..."

"நல்லா வருத்தப்படறேன். வச்சுடுங்க."

வைத்துவிட்டாள். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னங்கழுத்தில் அடங்காத சுருளோடு ஒருத்தி வராமலே போய்விட்டாள். அவள் இல்லாததற்கு அவள் அழப்போவதில்லை. அழ வேண்டியவள் நான்தான். கூடவே பயமும் வந்தது. இனி எனக்கு எதிரில் உட்கார யாரும் இல்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. பசி வேளை தவறினால் அம்மா கத்துவாள். பெரியம்மா சோற்றைப் போட்டு இரண்டு தட்டுகளைக் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்தே முடிவு அவளுக்குத் தெரிந்துவிட்டது. "போ, நீ போய் உட்காரு" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா எதிரில் உட்கார்ந்தேன். ஒரு கரண்டி எடுத்தேன், அவளும் எடுத்தாள். வாயில் வைத்தேன், அவளும் வைத்தாள். மென்றுகொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன். கண்ணீர் மளமளவென்று கன்னத்தில் இறங்கியது.

அம்மா மெல்லுவதை நிறுத்தினாள். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடி என்னைப் பார்த்தாள். இதோ அலறப்போகிறாள் என்று நினைத்தேன். அலறவில்லை. மெதுவாகக் கையை நீட்டினாள், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி இன்னும் நீட்டினாள், என் கன்னத்தில் வைத்தாள். ஈரமும் சூடும் பட்டதும் அந்தக் கை திடுக்கிட்டது. ஆனால் எடுக்கவில்லை.

"யாரு நீ?" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பார்த்த உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"நான் வேற ஆளும்மா" என்றேன்.

"வேற ஆளா?" என் நெற்றி, புருவம், மூக்கு என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நம்பலாமா வேண்டாமா என்று பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் தடவினாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"அப்பாடா" என்றாள். "அப்ப எனக்கு வந்த இந்த நோய் உனக்கு வராது."

"வராதும்மா" என்றேன். "நீ சாப்பிடு."